உட்கார ஒரு நாற்காலி

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நவீன அலுவலகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இன்று பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். கண்ணாடிச் சுவர், வண்ண வண்ணமாகச் சோபா, ஒரு மூலையில் காப்பி இயந்திரம், இன்னொரு மூலையில் பிங்பாங் மேசை, சுவரில் ஆங்கிலத்தில் இரண்டு ஊக்க வாசகம். உள் அலங்காரத்துக்கு இத்தனை ஆயிரம் ரிங்கிட் செலவானது என்று முதலாளிமார் பெருமையோடு சொல்கிறார்கள். அதில் தவறில்லை. வேலை செய்யும் இடம் அழகாக இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் சஞ்சிகைகளில் வரும் அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார். நாற்காலி இருக்கும், பூச்சாடி இருக்கும், மேசையில் ஒரு தூசி இருக்காது. ஆள் இல்லாத இடத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, ஊழியர்களுக்கு உகந்த அலுவலகம் என்று கீழே எழுதியிருப்பார்கள். யாருக்கு உகந்தது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட கோலாலம்பூர் கோபுரங்களுக்குப் போக வேண்டாம். கோல சிலாங்கூர் பக்கம், கம்போங் குவாந்தானுக்கு வாருங்கள். அலங்காரமே இல்லாத ஒரு வேலையிடம் அங்கே இருக்கிறது.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இருட்டியதும் அந்த மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல மின்னும். அதைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். படகோட்டி சிறு சம்பானில் அவர்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிறார். எஞ்சின் கிடையாது. விளக்கு கிடையாது. யாராவது கேமராவில் பிளாஷ் அடித்தால் உடனே வேண்டாம் என்பார். காரணம் எளிது. மின்மினி தன் துணையை அழைப்பதே ஒளியால்தான். வேறு வெளிச்சம் குறுக்கே பாய்ந்தால் அந்த அழைப்புக் கெட்டுவிடும். அழைப்புக் கெட்டால் இனம் குறையும். இனம் குறைந்தால் படகோட்டியின் பிழைப்பும் போகும். ஆக, அந்த வேலையிடத்தை அமைத்துக் கொடுத்தது ஒரு சின்னப் பூச்சி. இருட்டு வேண்டும் என்றது அது. மனிதர்கள் அதற்கு இணங்கிப் போகிறார்கள்.

எந்த வேலையிடத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இது யாருடைய வசதிக்காக அமைக்கப்பட்டது?

மரத்துக்கு ஏற்ற நேரம்

ஆற்றங்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் தோட்டங்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா. இந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டி கித்தா மரம் வெட்டியவர். அம்மா மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர். மகள் இன்று குளிர்சாதன அலுவலகத்தில் கணினி முன்னால். இப்படி ஒரு குடும்பம் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. நேயர்களில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதான்.

பாட்டியின் வேலையிடத்துக்குக் கூரை கிடையாது. விடியுமுன்னே பெரட்டு. பேர் கூப்பிட்டு, ஆள் எண்ணி, இன்னின்னார் இன்னின்ன நிரைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே போய் நானூறு, ஐந்நூறு மரம் வெட்ட வேண்டும். ஏன் அந்த நேரம்? விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். மரத்துக்கு எது நல்ல நேரமோ அதுவே பாட்டிக்கு வேலை நேரம். பாட்டியின் தூக்கத்தையோ, பால்குடிப் பிள்ளையையோ அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

தோட்டத்தின் அமைப்பும் சும்மா அமைந்ததன்று. துரை பங்களா பெரும்பாலும் மேட்டில் இருக்கும். லயங்கள் பள்ளத்தில் இருக்கும். ஆபீஸ் இரண்டுக்கும் இடையில். சம்பள நாளில் கிராணி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாங்குகிறவர்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள். உயரமும் நாற்காலியும் யாருக்கு என்பதைப் பார்த்தாலே யார் யார் என்று தெரிந்துவிடும், பெயர்ப்பலகை வேண்டியதில்லை.

மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கி வைத்தார். பெயரைக் கவனியுங்கள்: பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை! அந்தத் துரை பின்னாளில் மலாயாவை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசும் வாங்கினார். அது வேறு கதை.

செம்பனைக்காட்டில் வேலையிடம் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருந்து வந்திருக்கிறது. முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் என்ற நச்சு மருந்தை மலேசியா 2002இல் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையையே நிறுத்தி வைத்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. இடையில் போன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். மருந்தடிக்கும் அம்மாவுக்கு ஊழியர் நலன் என்றால் என்ன? நல்ல முகமூடி, வேலை முடிந்ததும் கை கால் கழுவச் சுத்தமான குழாய்த் தண்ணீர், துணி மாற்ற ஒரு மறைப்பு. வண்ணச் சோபா அன்று. இது புரிந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும்.

காகிதத்துக்கு வந்த குளிர்

அடுத்தது அம்மா. 1970களிலும் 80களிலும் சுங்கைவே முதலான இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்து முச்சந்தியில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பாட்டி பெரட்டுக்குப் போன அதே இருட்டில் மகளும் பஸ் ஏறினாள். வெயில் இல்லை, மழை இல்லை, அட்டை இல்லை, கொசு இல்லை. உள்ளே சில்லென்று குளிர். தோட்டத்தில் அதைப் பற்றி என்ன பேச்சு! "நம்ம பிள்ள ஏர்கோன்ல வேல செய்யுது."

ஆனால் அந்தக் குளிர் பிள்ளைக்காக வந்ததா? சில்லுக்குள் தூசி விழக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது, சூடு மாறக்கூடாது. அதற்காக வந்த குளிர் அது. குளிர்சாதனம் பிறந்த கதையே இதுதான். 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்று பட்டுக் காகிதம் விரிந்து, அடுத்தடுத்த வண்ணங்கள் இடம் தப்பி விழுந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை அமைத்தார். காகிதத்துக்காகப் பிறந்த குளிரில்தான் இன்று உலகமே வேலை செய்கிறது.

அந்த ஆலைகளில் அம்மாவின் தலைமுறை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்தது. தலை நிமிர்ந்தால் கண்காணிப்பாளர் பார்ப்பார். சிலாங்கூர் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்து ஐவா ஓங் என்ற மானிடவியலாளர் 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பெண்கள் பேய் பிடித்தாற்போல் அலறி விழுந்த சம்பவங்களை அவர் அதில் ஆராய்கிறார். அன்று பலரும் அதைப் பேய் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஓயாத கண்காணிப்பும் ஓட்டமும் அந்தப் பெண்களின் உடம்பில் எப்படி வெடித்தன என்பதே அவர் காட்டியது. வேலையிடம் உடம்புக்கு ஒவ்வாமல் போனால் உடம்பு ஏதாவது ஒரு வழியில் பேசிவிடும்.

எழுபது கிலோ ஆண்

இப்போது மகளிடம் வருவோம். டிப்ளோமாவோ பட்டமோ முடித்து, பெட்டாலிங் ஜெயா பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. 2011இல் லாட்டார் நெடுஞ்சாலை திறந்தபின் கோல சிலாங்கூர் வட்டாரத்திலிருந்து தினமும் போய்வருவது முன்பைவிட எளிதாகிவிட்டது. எளிது என்றாலும் டோல் உண்டு, நெரிசல் உண்டு. அவளும் இருட்டில்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறது!

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு கம்பளிச் சட்டை இருக்கும். வெளியே 33 டிகிரி, உள்ளே நடுக்கம். அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்களைக் கேளுங்கள், பத்தில் எட்டுப் பேர் நாற்காலியில் ஒரு சட்டையையோ சால்வையையோ தொங்கவிட்டிருப்பார்கள். இது அவர்களுடைய நோஞ்சான் தனம் என்று கேலி செய்வோர் உண்டு. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதற்கு விடை சொன்னார்கள். அலுவலகக் குளிரைக் கணக்கிடும் வாய்பாடு 1960களில் உருவானது. அதில் உடம்பு உண்டாக்கும் சூட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவு, நாற்பது வயதும் எழுபது கிலோ எடையும் உள்ள ஓர் ஆணுடையது. பெண்ணின் உடம்பு அந்த அளவு சூட்டை உண்டாக்குவதில்லை. ஆக, மகளுக்குக் குளிர்வதற்குக் காரணம் அவள் உடம்பன்று. முன்பின் பார்த்திராத ஓர் எழுபது கிலோ ஆணுக்காகக் குளிரூட்டப்பட்ட அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

மலேசியாவில் இதற்கு ஒரு நெறிமுறை இருக்கிறது. உள்ளரங்கக் காற்றின் தரம் பற்றி 2010இல் வந்த தொழில்துறை நெறிமுறை அறைச் சூட்டை 23 முதல் 26 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது. கரியமில வாயு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை மேலாளர் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கும் அலுவலகங்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. மதியக் கூட்டத்தில் எல்லோருக்கும் கண் சொருகுவதற்குக் காலையில் பசியாறிய நாசி லெமாக்கின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். அடைத்த அறையில் பதினைந்து பேர் மூச்சு விட்டால் காற்று கெட்டுப்போகும். மண்டை மந்தமாகும்.

அடுத்து, திறந்தவெளி அலுவலகம். தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள், புதுப் புது யோசனை பிறக்கும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் இரண்டு பெரிய நிறுவனங்களில் இதை அளந்து பார்த்தார்கள். ஊழியர்கள் உடம்பில் சிறு கருவியை மாட்டிவிட்டு, திறந்தவெளிக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் யார் யாரோடு நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சுவரை எடுத்தபின் நேர்ப்பேச்சு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்துவிட்டது. மின்னஞ்சல் கூடியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குக் கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். எல்லோர் பார்வையிலும் இருந்துகொண்டு மனம்விட்டுப் பேச முடியுமா? லயத்து ஆட்களைக் கேட்டால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. மேட்டு பங்களா தெரிகிற இடத்தில் யாரும் உரக்கப் பேசியதில்லை.

நாற்காலியின் கதை இன்னும் வேடிக்கை. 1906இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் லார்கின் நிறுவனத்துக்கு ஓர் அலுவலகம் கட்டினார். காற்றோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் பேர்போன கட்டடம். அங்கே சில நாற்காலிகள் மேசையோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தன, தரையைத் தொடாமல். தரையைக் கூட்டிப் பெருக்க வசதி! உட்காருகிறவர் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள முடியாது. விளக்குமாற்றுக்கு ஏற்ற நாற்காலி என்று சொன்னால் ரைட்டின் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்ததும் கெட்டுப்போவது உண்டு. 1960களில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ஒரு புதிய அமைப்பை வரைந்தார். உட்கார்ந்தும் வேலை செய்யலாம், நின்றும் செய்யலாம், தடுப்பை வேண்டியபடி விரித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். 1968இல் அதன் திருத்திய வடிவம் சந்தைக்கு வந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? விரிந்து நிற்க வேண்டிய தடுப்புகளைச் சதுரமாக ஒட்டிப் போட்டு, அதே இடத்தில் இன்னும் பத்துப் பேரை அடைத்தார்கள். இன்று கோழிக்கூண்டு என்று எல்லோரும் திட்டும் அலுவலகத் தடுப்பறை அப்படித்தான் பிறந்தது. வடிவமைப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கு வேறு ஒருவர் கையில் இருந்தது.

நிற்கும் கால்கள்

மகளுக்கு எப்படியோ ஒரு நாற்காலி கிடைத்தது. அவளுடைய தங்கை பேரங்காடியில் காசாளராகவோ, துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாகவோ இருந்தால்? எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்கள், கடைக்கு அழகில்லை என்பார்கள். கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும், இடுப்பு வலிக்கும். விடுதிக்கோ வீட்டுக்கோ போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சண்டை பழைய சண்டை. பிரிட்டனில் 1899இலேயே ஒரு சட்டம் வந்தது. கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்றது அது. மூவருக்கு ஒன்று! நம்மவர் ஊரில் அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கேரளத்தில், கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்கலைப் பெண்மணி கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. பிறகுதான் உட்காரும் உரிமை. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளைப் பற்றி 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவின் அருமை விளங்கும்.

மலேசியாவில் என்ன நிலைமை? தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை வேலையில் நிற்பது பற்றி 2002இலும், உட்காருவது பற்றி 2003இலும் வழிகாட்டிகளை வெளியிட்டது. அக்கறையோடு எழுதப்பட்டவை. ஆனால் வழிகாட்டி வேறு, உட்காரும் உரிமை என்று சட்டத்தில் எழுதுவது வேறு. கோல சிலாங்கூர் பட்டணத்தில் பெருநாள் காலத்து மாலை நேரத்தில் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் முதலாளிக்கு நாற்காலி இருக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயாக் கொட்டகை

பாட்டியின் தோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று விடுபட்டது. வேண்டுமென்றேதான் விடப்பட்டது. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன்னே பிள்ளையைக் கொண்டுபோய் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் பாட்டி பெரட்டுக்கு ஓடினார். அது சொர்க்கம் இல்லை. ஓர் ஆயா, இருபது பிள்ளை, வரிசையாகச் சேலைத் தொட்டில், ஒன்று அழுதால் எல்லாம் அழும். துரைமார் அதை அன்பினால் கட்டவுமில்லை. தாய் வேலைக்கு வர வேண்டும், பால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வேலையிடத்தில் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், தோட்டங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சிறு பிள்ளைகள் இருந்தால் பராமரிப்பு இடம் அமைக்க வேண்டும் என்று முதலாளியைக் கடமைப்படுத்துகிறது.

நகரத்துக் கண்ணாடி அலுவலகத்துக்கு அந்தக் கடமை இல்லை. அமைத்தால் வரிச்சலுகை உண்டு, அமைக்காவிட்டால் கேட்பார் இல்லை. பிங்பாங் மேசைக்கு இடம் ஒதுக்கிய அலுவலகத்தில் பால்குடிப் பிள்ளைக்கு இடமில்லை. தாய்ப்பால் எடுத்து வைக்க வேண்டிய தாய் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தோட்டத்துப் பாட்டிக்கு இருந்த ஒன்று, படித்த பேத்திக்கு இல்லாமல் போனது எப்படி?

இதன் விலை சின்னதில்லை. மலேசியாவில் வேலைக்குப் போகும் வயதிலுள்ள ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் அது ஏறக்குறைய 56 விழுக்காடுதான். படித்து, வேலையில் சேர்ந்து, பிள்ளை பிறந்ததும் நின்றுவிடுகிற பெண்கள் எத்தனை பேர் உங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலை பிடிக்காமல் நின்றவர் எத்தனை பேர், பிள்ளையை விட இடமில்லாமல் நின்றவர் எத்தனை பேர்?

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீடே அலுவலகமானது. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் சாம்பாரையும் திரையில் மேலாளரையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு அது வசதியா வேதனையா என்று சட்டென்று சொல்ல முடியாது. இரண்டும்தான். மலிவு விலை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது அலுவலக அறைக்கு எங்கே போவது? ஆனால் ஒன்று நிரூபணமானது. தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழிக்காமலே பல வேலைகளை முடிக்கலாம்.

அதன் விளைவாகச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தங்களில் பலருக்கு நினைவிருப்பது பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது, தந்தையருக்கு ஏழு நாள் விடுப்பு வந்தது, இவைதாம். அதே திருத்தத்தில் நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது குறைதான். ஆனால் வாய்மொழியாகக் கேட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. எழுதிக் கேளுங்கள். தேதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நம்மவர் நடத்தும் அலுவலகங்களில் பெரும்பாலானவை கடைவீட்டு மாடியில்தான் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும்தான் சன்னல். அந்தச் சன்னலை அப்படியே மறித்து முதலாளிக்கு அறை கட்டிவிடுகிறார்கள். அவர் பாதி நாள் வெளியில் இருப்பார். உள்ளே எட்டுப் பேர் பகலிலும் குழல் விளக்கில். அறையைப் பின்பக்கம் மாற்றிவிட்டு முன்பக்கத்தைத் திறந்துவிட எந்த உள் அலங்காரக்காரரும் தேவையில்லை. அச்சு இயந்திரத்தை ஆளின் முகத்துக்கு நேரே வைக்காமல் தள்ளி வைக்கலாம். வெளிநாட்டு அளவில் வந்த உயர நாற்காலியில் கால் எட்டாமல் தொங்குகிற பெண்ணுக்குக் காலடியில் ஒரு சிறு பலகை போடலாம். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், பாதம் முழுவதும் பதிய வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு தகவல். 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. தொழிற்சாலை, தோட்டம் மட்டுமன்றி அலுவலகம், கடை என்று ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் அது பொருந்தும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக முதலாளி நியமிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று திங்கட்கிழமை கேளுங்கள். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தால், ஐந்து பேர் கணக்கில் தேநீர் கலக்கும் அம்மாவையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். அவரும் ஊழியர்தான்.